பன்னிரண்டு கிழமைக்கு ஒரு பிணை

முதலில் அவரைக் கண்டது நீர்வேலியில், ஒரு செத்தவீட்டில். வாழைத்தோட்டத்துக்கு நடுவே ஓட்டுவீடு. பந்தலின் வெள்ளைத் துணி மேலே குண்டுபோடப் பறக்கிறவனின் கண்ணில் படக்கூடாது என்று அதன்மேல் வாழையிலைகளை வெட்டிப் பரப்பியிருந்தார்கள். வெயிலில் இலைகள் வாடிய வாசம் சாம்பிராணியோடு கலந்து கீழே இறங்கியது. பிரேதத்தைத் தூக்கப்போகிற நேரம். மூத்த மகள் தகப்பனின் காலடியில் விழுந்து கத்தி அழுது, யாரோ தூக்கி நிறுத்தித் தண்ணீர் பருக்கி, ஒருவாறு அடங்கிப்போய் நிற்கிறாள். அப்போதுதான் அந்தச் செத்தவீட்டை நடத்திக்கொண்டிருந்த சித்தப்பாக்காரர் வீடியோ எடுக்கிற பெண்ணைத் தேடினார்.

"தங்கச்சி, இவள் அழுதது உதுக்குள்ளை விழுந்ததோ?"

"இல்லை ஐயா. அப்ப நான் கிணத்தடியிலை நிண்டனான்."

"அப்ப கனடாவிலை இருந்து பாக்கிற தம்பி, அக்கா அழேல்லை எண்டெல்லோ நினைப்பான்." அவர் மகளின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இன்னொருக்கால் விழுந்து அழு. இந்தமுறை கொஞ்சம் இஞ்சாலை பாத்து."

அந்தப் பிள்ளை மண்டியிட்டும்விட்டாள். அழுவதற்கு வாயைத் திறந்தும்விட்டாள். 

வீடியோ எடுக்கிறவர் கமராவிலிருந்து கண்ணை எடுத்தார். அதன் கண்ணாடிக்கு மூடியைப் போட்டார்.

"அழுது முடிஞ்சுது ஐயா. இனி அழுறதெண்டால் அது எனக்காக அழுறது. எழும்பும் பிள்ளை."

சித்தப்பாக்காரர் ஏதோ முறுமுறுத்தார். மகள் எழும்பவில்லை. அப்படியே நிலத்தில் குந்தியிருந்து, சத்தமில்லாமல், இரண்டு கையாலும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். கமராவின் மூடி மூடியபடியே இருந்தது. அந்த அழுகை எந்த நாட்டுக்கும் போகவில்லை. நானும் அந்த முற்றமும் மட்டும் கண்டோம்.

பெயரைச் சொல்லமாட்டேன். ஊருக்கு அவர் வீடியோ அக்கா. அப்போது நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். குருநகர்க் கடற்கரையில் பிறந்தவர். வீடு செல்லடியில் இடிந்து போனபிறகு கோப்பாயில் ஒன்றுவிட்ட தமக்கையின் வீட்டுப் பின்பத்தியில் ஒரு பாயும் ஒரு பெட்டியுமாய் இருந்தார். கமரா, கப்பலில் வேலைசெய்த தமையன் கொண்டுவந்தது. தமையன் அதை வைத்துக் கல்யாணவீடுகள் எடுத்தார். பிறகு கடலில் போனார். எடுத்துப் புதைக்க உடம்பு கிடைக்கவில்லை. கமரா கிடைத்தது.

அப்போது சண்டையால் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். தாய் செத்தால் வரமுடியாது, தகப்பன் செத்தால் வரமுடியாது. அதனால் செத்தவீட்டைக் கசெற்றில் பிடித்துக் கப்பல் தபாலில் அனுப்புவது எங்களுக்கு ஐயரைக் கூப்பிடுவதுபோல ஒரு சடங்காகிவிட்டது. கசெற் மூன்று மாதம் கழித்துத் தொறன்ரோவிலோ பரிஸிலோ போய்ச் சேரும். அங்கே ஒரு மகன் வேலைக்கு லீவு போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, தகப்பனை இரண்டு மணித்தியாலத்தில் வழியனுப்புவான். மற்ற வீடியோக்காரர்கள் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். அக்கா இருபது நிமிசம் கொடுத்தார்.

அவரிடம் இருந்தது அவ்வளவுதான். குடாநாட்டை விட்டு மின்சாரம் போய் மூன்று வருசம். கமராவின் சொந்தப் பற்றறி எப்போதோ செத்துவிட்டது. ஒரு பழைய கார்ப் பற்றறியைச் சைக்கிள் கரியரில் ரியூபால் வரிந்து கட்டி, பன்னிரண்டு அடி வயரால் அதைக் கமராவோடு தொடுத்திருந்தார். கிழமைக்கு ஒருமுறை அரைக்கிற மில்லில் ஜெனறேற்றர் ஓடும்போது பற்றறி சாஜ் ஏறும். ஏறினால் இருபது நிமிசம், நல்ல நாளென்றால் இருபத்திரண்டு. சைக்கிளை ஒரு கையால் உருட்டிக்கொண்டு, மற்றத் தோளில் கமராவோடு, அந்தப் பன்னிரண்டு அடி வட்டத்துக்குள் அவர் சவத்தைச் சுற்றி நடப்பதைப் பார்க்க முதலில் சிரிப்பு வரும். பிறகு வராது.

வெட்டி ஒட்ட மேசையில்லை. முதலில் எடுத்தது முதலில், கடைசியில் எடுத்தது கடைசியில். நடுவில் ஒரு பிழைவிட்டால் அது கசெற்றில் கிடக்கும், அழிக்க நேரமில்லை. ஆகவே பொத்தானை அமத்துவதற்கு முந்தி ஒரு மணித்தியாலம் வெறுங்கையோடு அந்த வீட்டில் திரிவார். குசினிக்குள் போவார். வீட்டின் பின்கோடிக்குள் போவார். அழுகிற பெண்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து குசுகுசுப்பார்.

"எந்தப் பிள்ளை வெளியிலை? அவனுக்கு இவர் என்ன செய்து குடுக்கிறவர்? அவன் இந்த வீட்டிலை எங்கை படுக்கிறவன்?"

எல்லாம் கேட்டுவிட்டு வந்து சைக்கிளைப் பிடிப்பார். பிறகு உதடு மெல்ல அசையும். எத்தனை செக்கன் எடுப்பது என்று எண்ணுகிறார். முகத்துக்கு ஆறு, கைக்கு நாலு, பறைக்குப் பதினொன்று. சண்டிலிப்பாயில் ஒரு புகையிலைத் தோட்டக்காரர் செத்தபோது, சனம் எல்லாம் பெட்டியைச் சுற்றி நிற்க, அக்கா சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். அங்கே கொடியில் அந்த மனிதர் இடுப்பில் உடுக்கிற சாரம் ஒன்று. விடிய எழும்பித் தானே தோய்த்துப் போட்டுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவராம். சாரத்தின் கீழ்க்கரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்பது.

"ஏனக்கா சாரம்?" என்று பிறகு கேட்டேன்.

"ஆள் செத்துப்போச்சு. சாரம் காயேல்லை. அதைத்தான் பெடியனுக்குச் சொல்லவேணும். மிச்சமெல்லாம் அவனுக்குக் கடிதத்திலை எழுதுவினம்."

ஒருக்கால்தான். எதுவும் அவருக்கு ஒருக்கால்தான். பற்றறி வந்தபிறகு வந்த குணமா, பிறவியிலேயே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தமக்கைக்காரி சொன்னார், சின்ன வயதிலேயே அப்படியாம். பால் வேண்டுமா என்று கேட்டு, வேண்டாமென்றால், பிறகு பசித்தாலும் கேட்கமாட்டாவாம். சந்தையில் மீன்காரியிடம் விலை கேட்பார். சரிவந்தால் வாங்குவார், இல்லாவிட்டால் நடப்பார். "இஞ்சை வாடியம்மா, குறைச்சுத் தாறன்" என்று மீன்காரி பின்னால் கத்துவாள். திரும்பமாட்டார். பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை, காது மந்தமான கிழட்டுப் பாதர், "என்ன சொன்னனீர் பிள்ளை? விளங்கேல்லை" என்று கேட்க, "ஆண்டவருக்கு விளங்கியிருக்கும் பாதர்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தவர்.

"அப்ப செபமாலை என்னெண்டு சொல்லுறனீங்கள்? அம்பத்துமூண்டு தரம் ஒரே மந்திரமெல்லோ?" நான் சீண்டினேன். 

"அது ஒரு மன்றாட்டுத்தான் தம்பி. கொஞ்சம் நீளம்."

நான் அப்போது கோப்பாயில் ஒரு ரியூட்டறியில் இங்கிலிஷ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழு வயது. கிடுகுக் கொட்டில், பிள்ளைகள் இருக்க நாலு வாங்கு, ஒரு கரும்பலகை. என்ன எழுதினாலும் அதில் இரண்டு நிலவும் ஒரு நெருப்பும் இல்லாமல் எனக்கு எழுதவராது. தொண்ணூற்று மூன்றாம் வருசம் மாசியில் அக்கா ஒரு தடித்த கடித உறையோடு அந்தக் கொட்டிலுக்கு வந்தார்.

விசயம் இதுதான். சண்டிலிப்பாய்த் தோட்டக்காரரின் மகன் லண்டனுக்கு வெளியே ஒரு படக் கல்லூரியின் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறவன். அறையில் வீடியோ பெட்டி இல்லை. கல்லூரியில் ஒரு வகுப்பறையில் இருக்கிறதென்று, எல்லாரும் போனபிறகு போய், தகப்பனின் கசெற்றைப் போட்டுப் பார்த்திருக்கிறான். அழுதிருக்கிறான். தலையை நிமிர்த்தினால் பின்னால் கதவடியில் ஒரு வெள்ளைக்கார ஆசிரியை நிற்கிறா. மன்னிப்புக் கேட்கிறா. கேட்டுவிட்டு, இதை வெட்டித் தொகுத்தது யார் என்று கேட்கிறா. ஒருவருமில்லை, எங்கடை ஊரில் ஒரு அக்கா சைக்கிளில் வந்து எடுக்கிறவ என்று இவன் சொல்ல, அவ நம்பவில்லை. திரும்பவும் போட்டுப் பார்த்திருக்கிறா. சாரம் வந்த இடத்தில் நிற்பாட்டி, அக்காவின் முகவரியைக் கேட்டாவாம்.

உறைக்குள் இருந்தது ஒரு விண்ணப்பம். வெளிநாட்டு மாணவருக்கு அவர்களின் கோடைகாலப் படிப்பு: திரைப்படமும் தொலைக்காட்சியும் தயாரிக்கும் பயிற்சி. ஆடி முதல் திங்கள் தொடங்கிப் பன்னிரண்டு கிழமை. போக வர பிளேன் ரிக்கெற்றும் இருக்க அறையும் அவர்களே தருவார்கள். ஒவ்வொரு கிழமையும் என்ன படிப்பிப்பார்கள் என்று பட்டியல். முதல் கிழமை கமரா. பிறகு வெளிச்சம், ஒலி, தொலைக்காட்சிக் கூடத்தில் நாலு கமராவை ஒன்றாய் ஓட்டுவது. ஏழும் எட்டும் கிழமைகளில் வெட்டி ஒட்டுகிற மேசை. கடைசியில் ஒவ்வொருவரும் தன் தன் படம்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாம் எட்டாம் கிழமை வந்ததும் கையைக் காட்டினார்.

"அதை மட்டும் இன்னொருக்கால் வாசியும்."

இன்னொருக்கால். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். வாசித்தேன். எடுத்ததில் வேண்டாததை விடலாம், முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் வைத்துப் பார்க்கலாம், சரிவராவிட்டால் திரும்பவும் போய் எடுக்கலாம்.

"எத்தினை தரமும் எடுக்கலாமோ?"

"அப்பிடித்தான் போட்டிருக்கு."

"அங்கை பிழைவிடலாம் என்ன தம்பி." வாங்கின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு சொன்னார்.

"உங்களுக்குத்தான் ரண்டாந்தரம் எண்டாலே பிடிக்காதே அக்கா."

"பிடிக்காதெண்டு ஆர் சொன்னது?" என்னை நிமிர்ந்து பார்த்தார். "கிடைக்கேல்லை."

விண்ணப்பத்தை நிரப்ப இரண்டு பின்னேரம் எடுத்தது. இந்தத் துறைக்கு ஏன் வர விரும்புகிறீர் என்று ஒரு கேள்வி. அரைப்பக்கம் விட்டிருந்தார்கள். நான் இரவிரவாய் யோசித்து இங்கிலிஷில் உருகி எழுதியிருந்தேன். அதைத் தமிழில் சொல்லச் சொன்னார்.

"எரிகின்ற என் மண்ணில், என் சனத்தின் கண்ணாக இருக்க விரும்புகிறேன்..."

"உது ஆர் சொன்னது?"

"நீங்கள் சொன்னதைத்தான். கொஞ்சம் வடிவாக்கி."

"என்ரை சனத்துக்குக் கண் இருக்குத் தம்பி. வெட்டும்."

வெட்டினேன். நிலவையும் வெட்டச் சொன்னார். கடைசியில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது இவ்வளவுதான்: நான் நாலு வருசமாய்ச் செத்தவீடு எடுக்கிறேன். எங்கே நிற்பாட்டவேண்டும் என்று எனக்குத் தெரியும். நிற்பாட்டிய பிறகு என்ன செய்யலாம் என்று தெரியாது. அதைப் படிக்க வருகிறேன். படித்துவிட்டு எங்கடை ஊருக்குத் திரும்பிவிடுவேன், இங்கே வேலை இருக்கிறது.

சித்திரையில் பதில் வந்தது. இடம் கொடுத்துவிட்டார்கள். கொழும்பில் விசாவுக்குப் போகவேண்டிய நாளும் வந்தது, ஆனி நடுவில்.

அக்கா அந்தக் கிழமைகளில் மாறிப்போனார். சிரித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டினார். ஒரு பழைய கொப்பியில் பெட்டி பெட்டியாய்க் கீறி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஏதோ வரைந்தார். தன் கடைசிப் படத்துக்காம். என்ன படம் என்று கேட்டேன். "ஒருத்தரும் சாகாத படம்" என்றார். தமக்கைக்காரி கம்பளிச்சட்டை ஒன்றுக்கு ஊரெல்லாம் அலைந்தார். அந்த வெயிலில் கம்பளிக்கு எங்கே போவது. கடைசியில் கன்னியர்மடத்தில் ஒரு கிழட்டுச் சிஸ்டரின் சாம்பல்நிறச் சட்டை கிடைத்தது. முழங்கால்வரை தொங்கியது. "பன்னிரண்டு கிழமையிலை வளந்து நிரப்பிப்போடுவள்" என்று தமக்கை சொல்லிச் சிரித்தார்.

ஆனால் குடாநாட்டை விட்டு வெளியே போவதென்றால் ஊரை ஆண்ட இயக்கம் தருகிற பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் பிணை வேண்டும். இவர் திரும்பி வருவார், வராவிட்டால் நான் பொறுப்பு என்று ஒருவர் கையெழுத்து வைக்கவேண்டும். போனவர் திரும்பும்வரை பிணைநின்றவர் எங்கும் போகமுடியாது. தமக்கைக்காரி ஏற்கெனவே தன் மகனுக்குப் பிணை. அவன் போய் ஒரு வருசம், வரவில்லை. அக்காவின் மற்றச் சொந்தமெல்லாம் கடலோடு சிதறிவிட்டது. வேறு யார்?

வைகாசிக் கடைசியில் ஒரு பின்னேரம். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். அக்கா சைக்கிளைக் கொட்டிலில் சாத்தியதும் குண்டுபோடுகிற பொம்மர் வந்தது. இரண்டுபேரும் பின்னாலிருந்த பங்கருக்குள் பாய்ந்தோம். பனங்குற்றிகளுக்குக் கீழே, முழங்காலோடு முழங்கால் முட்ட, ஈரமண்ணில் முதுகை வைத்துக்கொண்டு குந்தியிருந்தோம். அது தலைக்கு மேலே வட்டமடித்தது. எங்கேயோ நிலம் குலுங்கியது. குற்றிகளுக்கிடையால் மண் உதிர்ந்து என் சேட்டுக்குள் விழுந்தது.

"தம்பி, எனக்குப் பிணை நிப்பீரோ?"

அந்த நேரம் என் மனதில் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். கனடாவில் இருக்கிற அண்ணை எழுதியிருந்தார், உன்னை இங்கே எடுக்க வழி சரிவருகிறது, எந்தக் கிழமையும் ஆயத்தமாய் இரு என்று. கையெழுத்து வைத்தால் பன்னிரண்டு கிழமை நான் அசையமுடியாது. பன்னிரண்டுதானா? திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகாதவர் யார்? வந்தவர் யார்? லண்டனைக் கண்டவர் இந்தக் குழிக்குத் திரும்பி வருவாரா? மேலே அது இன்னொரு வட்டம் வந்தது.

"யோசிச்சுச் சொல்லுறன் அக்கா."

அவர் உதடு அசைந்ததை அரையிருட்டில் கண்டேன். எத்தனை வரை எண்ணினாரோ. சத்தம் தூரப்போய் அடங்கியது. அவர் முதலில் வெளியே ஏறி, சேலையில் மண்ணைத் தட்டி, எனக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

"சரி தம்பி" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று நாள். முதல்நாள் கோபப்பட்டேன், என்னிடம் கேட்க இவர் யார் என்று. இரண்டாம் நாள் அவர் வருவார், திரும்பக் கேட்பார், அப்போது ஓமென்று சொல்லுவோம் என்று கொட்டில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் எழும்பினேன். மூன்றாம் நாள் விளங்கியது. அவர் வரமாட்டார். அவரை இவ்வளவு தெரிந்துவைத்திருந்தும் அது எனக்கு மூன்றாம் நாள்தான் விளங்கியது. ஓடினேன்.

பின்பத்தியில் பெட்டியின்மேல் இருந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் நிக்கிறன். நாளைக்கே போவம்."

"வேண்டாம் தம்பி."

"கடவுளாணை, மனசார நிக்கிறன்."

"இருமன். தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

"அக்கா, விசாவுக்கு இன்னும் ரண்டு கிழமை கிடக்கு."

"தெரியும்." வயரைச் சுருட்டுவதை விடவில்லை. "நான் உம்மிலை கோவிக்கேல்லை. பயம் ஆருக்கு இல்லை? ஆனால் பயந்த ஆளை இஞ்சை கட்டிவைச்சிட்டு அங்கை போய் நான் என்னத்தைப் படிக்கிறது? எதைப் பாத்தாலும் உம்மடை முகம்தான் எனக்குத் தெரியும். அந்தப் பங்கருக்குள்ளை நீர் பாத்த பார்வை."

கெஞ்சினேன். நிலத்தில் இருந்து கெஞ்சினேன். தமக்கையும் சேர்ந்து கத்தினார்: "பெடியன் நிக்கிறன் எண்டுறான், உனக்கென்னடி பிடிவாதம்? ஆரும் உன்னைப்போலை இருப்பினமோ?" அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். கடைசியில் பாஸ் கொடுக்கிற கந்தோருக்குத் தனியப் போய், நான் பிணைநிற்கிறேன், கையெழுத்து வைக்கிற போமைத் தாருங்கள் என்றேன். மேசையில் இருந்த பெடியன் பேனையை வைத்துவிட்டுப் பார்த்தான்.

"ஆருக்கு அண்ணை பிணை? ஆள் எங்கை?"

"அவ வரமாட்டாவாம்."

"போகமாட்டன் எண்டுற ஆளுக்குப் பிணைநிக்க வந்த முதல் ஆள் நீங்கள்தான்." பக்கத்தில் இருந்தவனும் சிரித்தான். "வீட்டை போய் முகத்தைக் கழுவிப்போட்டுப் படுங்கோ."

விசாவுக்கான நாள் போனது. அடுத்த நாள் அக்கா கொட்டிலுக்கு வந்தார். கல்லூரிக்கு எழுதவேண்டும் என்றார்.

"என்னால் வரமுடியவில்லை எண்டு மட்டும் எழுதும். காரணம் எழுதாதையும். காரணம் எழுதினால் அவையள் பாவம் பாப்பினம்."

எழுதினேன். வாசித்துக் காட்டினேன். கையெழுத்து வைத்தார். அவர் போனபிறகு கையெழுத்துக்குக் கீழே கிடந்த வெள்ளை இடத்தில், சின்ன எழுத்தில், ஒரு வரி சேர்த்தேன்: இயலுமானால் அடுத்த வருசத்துக்கு இந்த இடத்தை வைத்திருங்கள். பதில் என் ரியூட்டறி முகவரிக்கு. ஒட்டி அனுப்பிவிட்டேன். அவர் கேளாத இரண்டாந்தரத்தை அவருக்காக நான் கேட்டேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய ஆறுதலாய் இருந்தது. அந்த ஆறுதலில் நித்திரை கொண்டேன்.

ஆடி முதல் திங்கள் அவர் ஒரு செத்தவீட்டுக்குப் போனார். அந்த வருசம் முழுக்கப் போனார். கொப்பியில் பெட்டி கீறுவதை விட்டார். கம்பளிச்சட்டையைத் தமக்கை பிரித்து, பானை இறக்குகிற கைப்பிடித்துணி ஆக்கினார்.

அடுத்த மாசி கழிந்து, பங்குனியில் கடிதம் வந்தது. என் பெயருக்கு. வைத்திருக்கிறோம், என்று எழுதியிருந்தார்கள். அந்த ஆசிரியை தன் கையாலேயே எழுதியிருந்தா: உங்கள் இடம் காலியாக இருக்கிறது, இந்தக் கோடைக்கு வாருங்கள், வைகாசி முடிவதற்குள் ஓமென்று ஒரு வரி போதும்.

அதே கிழமை அண்ணையின் கடிதமும் வந்தது. கொழும்பில் உன்னை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஆள் காத்திருக்கிறார், உடனே வெளிக்கிடு. மாமா எனக்குப் பிணைநிற்க ஒப்புக்கொண்டார். "மூண்டு மாதத்திலை வந்திடுவாய்தானே?" என்று ஒருமுறை கேட்டார். ஓமென்றேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. பாஸ் கிடைத்தது. கடிதமும் பாஸும் ஒரே சேட்டுப் பையில் இருந்தன. இரண்டும் ஒரே தடிப்பு.

கொடுத்தால் என்ன நடக்கும்? அவருக்குப் பிணை வேண்டும். நான் இருந்தால்தான் நிற்கமுடியும். போகிறவன் நிற்கமுடியாது. எப்படியும் அவர் வேண்டாமென்றுதான் சொல்லுவார், பிறகேன் புண்ணைக் கிண்டுவான் என்று எனக்கு நானே ஒரு கிழமை சொல்லிக்கொண்டேன். பொய். அவர் வேண்டாமென்பார் என்று நான் பயப்படவில்லை. ஓமென்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயந்தேன். அந்தக் கொட்டிலில் வாங்கைச் சுரண்டிக்கொண்டு இருந்த முகத்தோடு, ஓம் தம்பி, நில்லும், என்று சொல்லிவிட்டால்?

இதை எழுதுகிற நகரத்தில் எனக்கு இருபத்தைந்துக்கு மேலே குளிர்காலம் போய்விட்டது. மாமா என் பொருட்டு எத்தனை தரம் கந்தோருக்குப் போய்ப் பதில் சொன்னார் என்று அவர் செத்தபிறகுதான் மாமி சொன்னார். அக்கா எங்கே என்று தெரியாது. தொண்ணூற்றைந்தில் ஆமி வர ஊர் முழுக்க ஒரே றோட்டால் எழும்பி நடந்தபோது அவரும் நடந்திருப்பார். சைக்கிளோடா, சைக்கிள் இல்லாமலா, கேட்ட எவருக்கும் தெரியவில்லை.

கடைசியாய்க் கண்டது, நான் வெளிக்கிடுவதற்கு முந்தின நாள் காலை, குருநகரில். கோயிலுக்குப் பக்கத்தில் இடிந்த ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு தாயின் பெட்டி. அக்கா வெறுங்கையோடு திரிந்து முடித்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கமராவைத் தோளில் வைத்திருந்தார். என்னைக் கண்டு சிரித்தார்.

"என்ன தம்பி, இந்தப் பக்கம்?"

"போட்டு வாறன் எண்டு சொல்ல வந்தனான் அக்கா. கொழும்புக்கு."

"கொழும்புக்கோ?" சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தார். "ஆர் பிணை?"

"மாமா."

"மாமா பயப்பிடேல்லையோ?"

"இல்லை."

"அப்ப நல்லது. போய்ச் சேந்து ஒரு துண்டு எழுதிப் போடும். வேறை ஏதும் சொல்லவேணுமோ?"

கை பையடிக்குப் போய்விட்டது. கடிதத்தின் மூலை விரலில் குத்தியது. பெட்டியைச் சுற்றி நின்ற சனம் பாட்டுத் தொடங்கக் காத்திருந்தது. அவரும் காத்திருந்தார். அன்றைக்கு அவர் அவசரப்படவில்லை, அதைச் சொல்லவேண்டும். பற்றறி ஓடிக்கொண்டிருக்க, எனக்காகக் காத்திருந்தார்.

"இல்லை அக்கா. ஒண்டுமில்லை."

தலையை ஆட்டினார். கண்ணைக் கமராவில் வைத்தார். பிறகு மெல்ல எடுத்தார்.

"தம்பி, கொஞ்சம் தள்ளும். அவவின்ரை முகத்திலை உம்மடை நிழல் விழுது."

நான் தள்ளி நின்றேன்.